உன் ரத்தத்துக்கு நான் எழுதிய பெயர்

உன் தங்கை வீட்டுக்காரர் ஏழுமலையின் ரத்ததான அட்டை இப்போது என் மேசை மேல் கிடக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு மூலைகூட மடங்காமல், எட்டு வருஷமாகச் சட்டைப்பையில் வைத்துக் காப்பாற்றிய அட்டை. பெயர், தகப்பனார் பெயர், ஊர் சாலவாக்கம், ரத்த வகை ஓ நெகட்டிவ். எல்லாம் என் கையெழுத்து. பெயரும் ஊரும் அவருடையவை. ரத்த வகை உன்னுடையது.

நேற்று உன் தங்கை கஸ்தூரி இதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "இது இன்னாண்ணா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உன் ரகசியத்தை உடைத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போய் நாலு வருஷமாகிறது. உயிரோடு இருந்தபோதே நான் எழுதி நீட்டிய எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நீ. இதையும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்.

காஞ்சிபுரத்தில் ரத்த வங்கி டெக்னீஷியனாக எனக்கு வேலை கிடைத்தபோது ஊரில் முதலில் சிரித்தவன் நீதான். பள்ளிக்கூடத்தில் தவளையை அறுக்கச் சொன்னதற்கு மயங்கி விழுந்தவன் நான். "கம்பவுண்டரே" என்று கூப்பிடுவாய். நான் கம்பவுண்டர் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவாய். எனக்குக் கோபம் வரும் என்பது உனக்குத் தெரியும். அதற்காகவே கூப்பிடுவாய்.

எங்கள் ரத்த வங்கியில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. நோயாளிக்கு ஒரு பை ரத்தம் வாங்கினால், சொந்தக்காரர் ஒருவர் பதிலுக்கு ஒரு பை கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வராந்தாவில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ரத்தம் என்ற பேச்சை எடுத்ததும் ஒருவருக்குப் பஸ் நேரமாகிவிடும். ஒருவருக்கு மாட்டை மாற்றிக் கட்ட ஆளிருக்காது. ஆம்பளை ரத்தம் கொடுத்தால் வீக்காகிவிடுவான் என்று மாமியார்க்காரி நடுவில் வந்து நின்றுகொள்வாள். நான் தலையில் அடித்துக்கொண்டு போய் உத்திரமேரூர் பஜாருக்குப் போன் போடுவேன். நீ மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடைக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத். அந்தப் பையன் உன்னைக் கூப்பிட்டதும், கையிலிருக்கும் செம்புக் கம்பியை அப்படியே போட்டுவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு வருவாய். அபூர்வ வகை என்றாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பேன் என்று சொல்லி, நடுவில் நீயாக வந்து நின்ற நாட்களில் திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாம் இருவரும் சேர்ந்து பண்ணிய அக்கிரமம் கொஞ்சநஞ்சமல்ல. கரும்பு வெட்டப் போய்க் காலை வெட்டிக்கொண்ட மாகறல் பக்கத்து இருளர் பெண்ணுக்கு நீ தம்பி. தறிக்காரர் ஒருவருக்கு மருமகன். திருப்புட்குழியிலிருந்து வந்த அய்யங்கார் வீட்டு அம்மாளுக்கு ஒன்றுவிட்ட பேரன். அதை எழுதும்போது எனக்கே பேனா நின்றது. "எது சௌகரியமோ அத்த போடு கம்பவுண்டரே," என்பாய். "ரத்தம் உள்ள போனப்புறம் யார் வந்து கேக்கப் போறாங்க?" முடிந்ததும் காபி குடிப்பாய். பிஸ்கட்டை மட்டும் தின்னாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாய். அது கஸ்தூரிக்கு. அவள் பெரிய பெண்ணாகி, பத்தாவது முடித்து வீட்டில் இருந்தபோதும் அந்தப் பிஸ்கட் போனது. அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் அவளுக்கு எல்லாமே நீதான்.

அப்படிப் பத்தொன்பது தடவை கொடுத்தாய். பத்தொன்பது பையையும் நான்தான் பரிசோதித்தேன். ஒன்றில்கூட ஒரு குறை இல்லை.

அந்தப் படிவத்தின் கேள்விப் பக்கம் அப்போது ஆங்கிலத்தில் இருக்கும். மஞ்சள் காமாலை வந்ததுண்டா, காசநோய் உண்டா, காசு கொடுத்துப் பெண்களிடம் போவதுண்டா என்று வரிசையாகக் கேள்விகள். நாங்கள் ஒருவரும் அவற்றை வாய் திறந்து கேட்டதில்லை. மேலிருந்து கீழ்வரை 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் கையெழுத்து வாங்குவோம். வருகிறவனே பயந்துபோய் வருகிறான், அவனிடம் போய் இதையெல்லாம் கேட்டால் ஓடிவிடுவான் என்பது எங்கள் நியாயம். வேலை சுருக்கமாக முடியும் என்பது அதற்கும் அடியில் இருந்த உண்மை.

பிறகு புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். படிவத்தைத் தமிழில் அச்சடிக்க வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், பதிலை அப்படியே எழுத வேண்டும் என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், பரிசோதனையில் தப்பித்துப்போன ஒரு பை ஒரு குழந்தைக்கு ஏறிவிட்டதாம். நோய் தொற்றிய புதிதில் பரிசோதனைக்கு அகப்படாது, அந்த ஓட்டையைக் கேள்வியால்தான் அடைக்க முடியும் என்று சொல்லிக்கொடுத்தார். அது சரிதான். கேள்வி கேட்பதும் சரிதான். எந்தக் கேள்வி என்பதில்தான் என் சண்டை. அன்றைக்கு அந்தச் சண்டை போட எனக்குப் புத்தியும் இல்லை.

புதுப் படிவம் வந்த பிறகு நீ முதல் தடவை வந்த அன்று காலையில் உனக்கு முன்னால் வந்தவர் ஒரு ரோடு காண்ட்ராக்டர். அவர் எந்த லாட்ஜில் எந்தக் கிழமை இருப்பார் என்பது ஊருக்கே தெரியும். கேள்வியைப் படித்தேன். "சேச்சே, நான் குடும்பஸ்தன் சார்," என்று சிரித்தார். அவருடைய பை உள்ளே போனது. அடுத்து நீ வந்து உட்கார்ந்தாய். நான் கடகடவென்று படித்துக்கொண்டே போனேன். ஆணோடு உடலுறவு வைத்துக்கொள்ளும் ஆணா என்று ஒரு கேள்வி. அதையும் படித்துவிட்டு, பழக்கத்தில் 'இல்லை' கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனேன்.

"இரு," என்றாய். "ஆமான்னு போடு."

விளையாடாதே, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்றேன்.

"வெளயாடல. இத்தினி நாளா நீ கேக்கல, நானும் சொல்லல. இன்னிக்கி என் மூஞ்சியப் பாத்து கேட்டுட்ட. ஒங்கிட்ட பொய் சொல்ல முடியாது."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எனக்குத் தெரியாதா என்றால் தெரியும். பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் ஒருவர் தினமும் வேலை முடிந்து உன் கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். அதற்கு முந்தின வருஷம் அவர் கல்யாணம் பண்ணிக்கொண்டு திண்டிவனம் பக்கம் போய்விட்ட வாரத்தில் நீ கடையைத் திறக்கவே இல்லை. எதிரிலேயே இருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நீயும் அப்படியே இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று உன்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு வருஷப் பழக்கத்தில் என்னிடம் தனியாகச் சொல்லாததை ஒரு படிவத்துக்குச் சொல்கிறானே என்று பொருமினேன்.

இனி நீ கொடுக்க முடியாது என்றேன். இந்தத் தடவையா என்று கேட்டாய். எப்போதுமே என்றேன். சுருட்டி விட்டிருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிப் பித்தானைப் போட்டுக்கொண்டாய்.

"அப்ப நான் இதுவரிக்கும் குடுத்தது? அத்த வாங்கினவங்கள்லாம் நல்லாதான கீறாங்க?"

பத்தொன்பது பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். நாலைந்து பேர் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் உன்னை விசாரிப்பார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். நீ எழுந்து போனாய். மேசை மேல் உனக்காக எடுத்து வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட் அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை உன்னிடம் நேரில் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன். விலக்கப்பட்டவர்கள் பதிவேட்டில் காரணத்துக்கு வெறும் எண் போட்டால் போதும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு எண் உண்டு. நான் எண் போடவில்லை. சிவப்பு மையில், உன் பெயருக்கு நேராக, முழு வாக்கியமாக எழுதினேன். கோபம்தான். வேறு எந்தச் சமாதானமும் இல்லை. அந்தப் பதிவேடு மேசை மேல் திறந்தே கிடக்கும். எங்கள் அட்டெண்டருக்குச் சாலவாக்கத்தில் மாமியார் வீடு. கஸ்தூரியை ஏழுமலைக்குக் கட்டிக்கொடுத்து அப்போது நாலு மாதம்.

பத்தே நாளில் ஏழுமலை உன் கடைக்கு வந்தார். வெளியிலேயே நின்றுகொண்டு, "இனிமே என் வூட்டு வாசப்படி ஏறாத மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போனாராம். எஸ்.டி.டி. பூத் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ வந்து என் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை. மாலைப் பஸ்ஸில் நான் இறங்கினால் நீ குனிந்து மோட்டாருக்குள் எதையோ தேடுவாய். நான் கடைப்பக்கம் பார்க்காமல் நடப்பேன். ஏழெட்டு மாதம் இப்படியே போனது.

அப்புறம் அந்த நாள். கஸ்தூரிக்குப் பிரசவம் ஆகிவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று காலை பத்து மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து சீட்டு வந்தது. ஓ நெகட்டிவ். உனக்கும் அவளுக்கும் ஒரே வகை. எங்களிடம் இருந்தது ஒரே பை. அதைக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று உடனே வேண்டும் என்றார்கள். செங்கல்பட்டில் கேட்டதில் வண்டி வர மத்தியானம் ஆகும் என்றார்கள். டாக்டரம்மா மீட்டிங்குக்காகச் சென்னை போயிருந்தார். ஏழுமலை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. நான் உன் பெயரைச் சொன்னேன். "யார்துன்னா ஏத்துங்க சார். அவன்து மட்டும் வாணாம்," என்றார். அப்படியானால் நீங்கள் வந்து படுங்கள், பதிலுக்காவது ஒரு பை ஆகட்டும் என்று எரிந்து விழுந்தேன்.

பாவம், வந்து படுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்தார். விரலில் குத்தி வகை பார்த்தேன். பி பாசிட்டிவ். நரம்பில் ஊசி நுழைந்ததும் குழாயில் சிவப்பைப் பார்த்தார். கண் சொருகி மயக்கம் போட்டுவிட்டார். ஊசியை எடுத்துவிட்டுப் பிளாஸ்திரி ஒட்டினேன். ஒரு கரண்டிகூட வந்திருக்காது. மூஞ்சியில் தண்ணீர் தெளித்து, காபி கொடுத்து, பிஸ்கட் கொடுத்தேன். கண் திறந்து பிளாஸ்திரியைப் பார்த்தவர், "எடுத்தாச்சா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது பின்பக்கக் கதவுக்கு வெளியே உன் மொபெட் சத்தம் கேட்டது. இருந்த ஒரே பையைக் கொடுத்த கையோடு நான் பஜாருக்குப் போன் போட்டிருந்தேன். "எடுத்தாச்சு," என்று சொல்லி அவரை வார்டு பக்கம் அனுப்பினேன்.

ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நீ பெஞ்சில் படுத்தாய். ஏழெட்டு மாதம் பேசாத இரண்டு பேர். உன் கையில் கிரீஸ் இருந்தது. நான் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தேன், அது போகவே இல்லை.

"படிவம் எங்க?" என்று கேட்டாய்.

படிவம் இல்லை என்றேன். ஆனால் ஒரு கேள்வி கேட்டேன். கடைசி ஒரு வருஷத்தில் யாரோடாவது இருந்தாயா என்று. நீ கூரையைப் பார்த்தாய். "அவன் போனதோட செரி. யாருமில்ல," என்றாய். நரம்பில் ஊசியை ஏற்றினேன். காண்ட்ராக்டரிடமும் உன்னிடமும், வருகிற எவரிடமும், இதே கேள்வியைத்தான் இதே மாதிரி கேட்டிருக்க வேண்டும். நீ என்ன ஆள் என்று கேட்டிருக்க வேண்டியதில்லை.

அவசரத்துக்கு வைத்திருக்கும் பரிசோதனை அட்டைகளை எல்லாம் பிரித்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தேன். கஸ்தூரியின் ரத்தத்தோடு கலந்து பொருத்தம் பார்த்தேன். எல்லாம் சுத்தம். பையில் பெயர்ச்சீட்டு ஒட்டும்போது கை நின்றுவிட்டது. உன் பெயர் சிவப்பு மையில் இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு பை வெளியே போக முடியாது.

"மாப்ள பேர எழுது," என்றாய், படுத்தபடியே. "பொண்டாட்டிக்குப் புருஷன் குடுத்தான்னு கீட்டும். உறவு கட்டமும் ஒயுங்கா நெரம்பும்."

எழுதினேன். விதி மீறியது மட்டுமில்லை. வேண்டாமென்று ஏழுமலை சொன்னதையும் மீறினேன். நினைவில்லாமல் கிடந்த கஸ்தூரியை நான் கேட்கவில்லை. அவளைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. பை வார்டுக்குப் போனது. நீ ஸ்டோர் ரூமிலேயே உட்கார்ந்திருந்தாய். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸம்மா வந்து, ரத்தப்போக்கு நின்றுவிட்டது, பிழைத்துக்கொண்டாள், பெண் குழந்தை என்று சொன்னபோது நீ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாய். அப்புறம் என் கையைப் பிடித்துச் சொன்னாய். "அவ குடித்தனம் பண்ணணும். யார்கிட்டயும் சொல்லாத. என் மேல ஆண."

டிஸ்சார்ஜ் ஆன அன்று ஏழுமலை நேராக என்னிடம் வந்து, ரத்தம் கொடுத்தால் அட்டை தருவீர்களாமே என்று கேட்டார். என்ன செய்வேன்? பதிவேட்டில் இருப்பதைத்தான் அட்டையில் எழுத முடியும். ஓ நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் பொய்க்காரர் இல்லை. தன் ரத்தத்தால்தான் பெண்டாட்டி பிழைத்தாள் என்று மனதார நம்பினார். சாலவாக்கம் டீக்கடையில் அட்டையைக் காட்டாத நாள் கிடையாதாம். உடம்பு தேற ஒரு மாதம் பீட்ரூட் ஜூஸ் குடித்தார் என்று கேள்விப்பட்டு உன்னிடம் வந்து சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் கடை வாசலில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி நாம் பேச ஆரம்பித்தது அந்தச் சிரிப்பில்தான்.

ஆனால் குழந்தைக்கு ஒரு வயதில் காது குத்தியபோது நீ சிரிக்கவில்லை. உயிரைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரிக்காரர் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உன்னைக் கூப்பிடவில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? ஒன்றுவிட்ட முறையில் யாரோ ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். குழந்தை அவர் மடியில் இருக்கமாட்டேன் என்று திமிறியது. கஸ்தூரி அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கடைக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தாய். கை நிற்கவில்லை.

"கொயந்த ரொம்ப அயுதாளா?" என்று மட்டும் கேட்டாய்.

அன்றைக்கே சாலவாக்கத்துக்குத் திரும்பிப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வரலாம் என்று எனக்கு வெறி வந்தது. உன் ஆணை தடுத்தது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டேன். ஆணை பாதி. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த மூன்றாவது மழைக்காலத்தில் மாகறலில் ஒரு பம்புசெட்டை இறக்கிப் பார்க்கப் போனாய். தரை ஈரம். மெயினை நிறுத்தியாகிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பிக் கை வைத்தாய். எனக்குச் செய்தி வந்தபோது உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தார்கள்.

கரண்டு அடித்துச் செத்தவனை ஊர் வேறு காரணம் சொல்லிப் பேசியது. அந்த நோய் இருந்ததாம், எப்படியும் போக வேண்டியவன்தானாம். உடம்பைக் குளிப்பாட்ட ஒருவரும் முன்னால் வரவில்லை. நான் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தேன். இவன் ரத்தத்தை இருபது தடவை நான் சோதித்திருக்கிறேன், இவனுக்கு ஒரு நோயும் கிடையாது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஒருத்தர் நல்ல எண்ணத்தில்தான், "கையுறை கொண்டாந்துக்கிறீங்களா சார்?" என்று கேட்டார். நான் வெறுங்கையால் உன் தலைக்குச் சீயக்காய் தேய்த்தேன். விரல் இடுக்கில் கிரீஸ் அப்போதும் இருந்தது.

கஸ்தூரி ஓடி வந்தாள். உன் காலைத் தொட அவள் குனிந்தபோது ஏழுமலை அவள் இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். "தொடாத. வூட்ல கொயந்த கீது," என்றார். அந்த இடது கையில்தான் ஊசி குத்தி உன் ரத்தத்தை ஏற்றியிருந்தோம். அவள் தள்ளி நின்று "அண்ணா, அண்ணா" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் உன் தலைமாட்டில் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லவில்லை. இதற்கு என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் அந்த அட்டை என்னைத் தூங்கவிடவில்லை. தப்பான வகை எழுதிய அட்டையோடு ஒரு மனிதர் வண்டியில் போய் வந்துகொண்டிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரியானாலும் மறுபடி வகை பார்க்காமல் ஏற்றமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், சாலவாக்கம் ரோட்டில் விபத்து என்று காதில் விழுந்தால் யாரென்று விசாரிக்க ஓடுவேன்.

போன மாதம் அது நடந்தேவிட்டது. ஏழுமலை வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் அட்டையை நீட்டியிருக்கிறார். அங்கே சோதித்துவிட்டு, உனக்கு பி பாசிட்டிவ், எந்த முட்டாள் இதை எழுதியது என்று கேட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நேற்று அந்த முட்டாளைத் தேடிக்கொண்டு இருவரும் வந்தார்கள். அவர் கட்டையை ஊன்றிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கஸ்தூரி மட்டும் உள்ளே வந்தாள்.

"இது இன்னாண்ணா? அவரு எனக்குக் குடுத்தது எது, இதுல கீறது எது?"

கை தவறி எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் அது தயாராகவே இருந்தது. அவள் உன்னை மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். ஒரே நேரத்தில் உன் ஆணையும் என் வேலையும் எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டன. எல்லாவற்றையும் சொன்னேன். போன் போட்டது, ஸ்டோர் ரூம், நான் கேட்ட கேள்வி, நீ சொன்ன பதில், மாப்பிள்ளை பெயரை எழுதச் சொன்னது. சிவப்பு மையையும் சொன்னேன். அது என் கை என்று சொன்னேன்.

கதவு திறந்துதான் இருந்தது. ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கட்டையைத் தட்டித் தட்டி வாசல் வரை வந்து நின்றார். கோபிப்பார் என்று நினைத்தேன். "அன்னிக்கி நான் நெஜமாவே குடுத்தேன்னுதான் சார் நெனச்சிக்கினு இருந்தேன்," என்றார். புது அட்டை எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கஸ்தூரி அழவில்லை. அந்த நாற்காலியில், நீ சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்த அதே நாற்காலியில், உட்கார்ந்தாள். பிறகு இடது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, அது இன்னும் எனக்குள்ள கீதாண்ணா?"

ஏற்றிய ரத்தத்துக்கு ஆயுசு நூற்று இருபது நாள். அதற்கு மேல் ஒரு சொட்டும் மிஞ்சாது. ஏற்றிய ரத்தம் பேரன் பேத்தி வரைக்கும் ஓடும் என்றெல்லாம் பேசுவது பாமரப் பேச்சு. இந்தப் படிப்பில் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவள் மகளுக்குக் காது குத்திய அன்றே அவள் உடம்பில் உன்னுடையது எதுவும் இருந்திருக்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இந்த நாற்காலியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொன்னவன் நீ ஒருவன்தான். அதற்கு உனக்கு என்ன கிடைத்தது என்பதையும் நான் பார்த்தேன்.

"கீதும்மா," என்றேன்.

அவள் முழங்கை மடிப்பை வலது கையால் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.